ஆண் கடலில் ஒற்றைப் பாய்

பாம்பனிலும் இராமேசுவரத்திலும் வாழும் கடலோடிகள், தங்கள் தீவுக்கு வடக்கே கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பரம்பரையாக வழங்கி வருகிறார்கள். முதல் முறை கேட்கும்போது இது வெறும் அலங்காரமாக இட்ட பெயர் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் பொறுமையாக நோக்கினால், இந்தப் பெயர்களுக்குள் பூகோள சாஸ்திரத்தின் ஒரு முழு அத்தியாயமே அடங்கியிருப்பதை உணரலாம். வடகடல் மூன்று புறமும் நிலத்தாலும் மணல் திட்டுகளாலும் வளைக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் அதன் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. தென்கடலோ தெற்கு நோக்கித் திறந்த வாசல். அந்த வாசலிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்துக்கொண்டே போனால், அண்டார்க்டிகாவின் பனிக்கரையை எட்டும் வரையில் அலையைத் தடுக்கத்தக்க நிலம் எதுவும் எதிர்ப்படாது. ஆகவே, தென் சமுத்திரத்தில் எங்கோ பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல்கள் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள், இங்கே வானம் தெளிந்து காற்று ஓய்ந்திருக்கும் நாளிலும், அறிவிப்பின்றி வந்து கரையில் ஏறிவிடக்கூடும். தென்கோடிக் கடற்கரையில் இதனைக் கள்ளக்கடல் என்பார்கள். அலை இங்கே, காற்று எங்கோ என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மக்கள் இட்ட பெயர் அது.

இந்த ஆண் கடலின் வடகரையை ஒட்டி, தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையில் 21 தீவுகள் மாலையாகக் கோத்தாற்போல் கிடந்தன. கிடந்தன என்று இறந்தகாலத்தில் எழுத நேர்ந்த காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன். வான் தீவு, காசுவார், கரைச்சல்லி, நல்லதண்ணி, அப்பா, தலையாரி, வாலை, முள்ளி, முசல், மனோலி, குருசடை என்று அவற்றின் பெயர்களை உச்சரிக்கும்போதே ஒரு கிராமத்துப் பெயர்ப்பட்டியலைப் படிப்பது போன்ற நெருக்கம் உண்டாகிறது. முயலைக் கரைமக்கள் முசல் என்பதால் முசல் தீவு ஆயிற்று; அதுதான் இவற்றுள் பெரியது, அதுவே ஏறக்குறைய 130 ஹெக்டேர்தான். 1986இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுரக் கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. இந்த விதியை நான் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. தீவைச் சுற்றி நடப்பவன் தன் காலடியை மட்டும் பார்க்கிறான். தள்ளி நின்று படகிலிருந்து பார்ப்பவனுக்கோ தீவு, அதன் பவளப் பார், அதன் நிழலில் வளரும் கடற்புல், அதன் மேல் வட்டமிடும் பறவை ஆகிய அனைத்தும் ஒரே உடம்பின் அவயவங்களாகக் காட்சியளிக்கும்.

ஒரு பங்குனி மாதத்தில், கீழக்கரையிலிருந்து கிழக்கே மண்டபத்தை நோக்கி, 18 அடி நீளமுள்ள சிறு வள்ளம் ஒன்றில் தனியாகப் பாய் விரித்துச் சென்றேன். இரவு நேரங்களில் கரையேறித் தங்கி, பகலில் மட்டும் ஓட்டுவது என்பது ஏற்பாடு. பங்குனி என்பது வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் இன்னும் தொடங்காத இடைக்காலம். இரண்டு பெரிய காற்றுகளும் ஒதுங்கிக்கொள்ள, அன்றாடம் பிறந்து அன்றாடம் மடியும் சிறு காற்றுகள் கடலை ஆளும் பருவம் அது. எனக்கு வள்ளம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெரியவர், புறப்படும் நாளில் கரையில் நின்றுகொண்டு, "தம்பி, காத்தைத் தேடிக்கிட்டு மேலே பாக்காதே. தண்ணியைப் பாரு. காத்து வர்றதுக்கு முந்தியே தண்ணி சொல்லிப்புடும்" என்றார்.

அந்தப் புத்திமதியின் பொருள் முதல் நாள் முற்பகலிலேயே எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னிக் கிடந்த நீர்ப்பரப்பில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கரிய திட்டுத் தோன்றி மெல்ல என்னை நோக்கி நகர்ந்து வந்தது. அது படகை எட்டிய கணத்தில் பாய் விம்மிற்று. அமைதியான நீர் கண்ணாடியைப் போல அடிவானத்தின் வெளுப்பை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்று தொட்டவுடன் விரற்கடையிலும் சிறிய நுண்ணலைகள் எழுகின்றன. ஒவ்வொரு நுண்ணலையின் முகமும் நம் பக்கம் சாய்ந்து, வெளுத்த அடிவானத்துக்குப் பதிலாக உச்சி வானத்தின் ஆழ்ந்த நீலத்தையும், தன் அடியில் உள்ள இருளையும் காட்டுகிறது. அதனால்தான் காற்று பட்ட இடம் கறுக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வாயுவின் உருவத்தை நீரின் மேல் எழுதிக் காட்டும் இந்தக் கருமையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, அடுத்த இரண்டு நிமிடங்களில் நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. துணைக்கு ஒருவர் இருந்தால் பேச்சில் கழிந்துவிடும் கவனம், தனியாக இருக்கும்போது முழுவதும் கண்ணுக்கு வந்து சேருகிறது. தனிப் பிரயாணத்தின் இலாபங்களில் இதனையே நான் முதலாவதாகக் கருதுகிறேன்.

அன்றாடக் காற்றின் கதை எளியது. உலர்ந்த மணலைச் சூடேற்றுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் போல நாலைந்து மடங்கு உஷ்ணம், அதே எடையுள்ள நீரை அதே அளவு சூடேற்ற வேண்டும். அதோடு, கடல் தான் பெற்ற வெப்பத்தை அலையால் கலக்கி ஆழத்துக்கும் அனுப்பிவிடுகிறது, ஆவியாக்கி வானத்துக்கும் கொடுத்துவிடுகிறது. ஆகவே காலை பத்து மணிக்கெல்லாம் இராமநாதபுரத்துச் செம்மணலும் வெள்ளை மணலும் கொதிக்கத் தொடங்கும்போது, கடல் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. கரைமேல் உள்ள காற்று இலேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று புறப்படுகிறது. பிற்பகலில் அது உச்சத்தை அடைந்து, பொழுது சாய்ந்ததும் தளர்ந்து, நள்ளிரவுக்குப் பின் திசை மாறி, நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய குளிர்காற்றாக விடியும் வரை வீசுகிறது. பாய்மட்டுமே துணையாகப் போன தலைமுறைகள், விடியற்காலை நிலக்காற்றில் புறப்பட்டுப் பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வந்ததெல்லாம் இந்தக் கணக்கை நம்பித்தான்.

என் பாதை கிழக்கு. பிற்பகல் காற்றோ தென்கிழக்கு. எதிரில் வரும் காற்றே படகை எப்படி எதிர்த் திசையில் முன்னேற்ற முடியும் என்னும் கேள்வி, பள்ளிப் பிள்ளைகளிலிருந்து படித்தவர் வரை பலரையும் மயங்க வைப்பது. பாயைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று நினைக்கும் வரையில் இந்த மயக்கம் தீராது. பருமல் என்னும் சரிந்த கழியில் கட்டிய முக்கோணப் பாய், காற்று நிறைந்தவுடன் தட்டையாக நிற்பதில்லை. பறவையின் சிறகு போல வளைகிறது. வளைந்த பாயின் இரு முகங்களையும் தழுவி ஓடும் காற்றுத் திசை திரும்பும்போது, வெளி வளைவின் பக்கம் அழுத்தம் குறைந்தும் உள் வளைவின் பக்கம் மிகுந்தும் நிற்கிறது. பாய் அந்த வெளி வளைவின் பக்கம் இழுக்கப்படுகிறது. அவ்விழுப்பில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் சாய்க்க முயலுவது, சிறு பகுதிதான் முன்னோக்கியது. பக்கவாட்டு இழுப்பை, படகின் அடிக்கட்டையும் விலாவில் இறக்கிய பலகையும் நீரில் ஊன்றி நின்று மறுத்துவிடுகின்றன. முன்னோக்கிய பங்கை மறுப்பார் இல்லை, படகு செல்கிறது. ஈரமான மாங்கொட்டையை இரு விரலுக்கிடையே அழுத்தினால், அழுத்திய திசையில் போகாமல் முன்னே வழுக்கிப் பாய்கிறதே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஓர் எல்லை இருக்கிறது. காற்று வரும் திசைக்கு 60 பாகைக்குள் என் வள்ளம் நெருங்காது. நெருங்கினால் பாய் படபடத்து உயிரிழந்துவிடும். ஆதலால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து ஏற வேண்டும். 60 பாகையில் செல்லும் படகு, காற்றுக்கு நேர் எதிரே 1 கிலோமீட்டர் முன்னேறுவதற்கு 2 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது என்பதைக் கோணக் கணக்குத் தெரிந்த மாணவன் உடனே சொல்லிவிடுவான். ஒவ்வொரு திருப்பத்திலும் பருமலைப் பாய்மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு என்றிருப்பவனுக்கு இது மூன்றாவது கை வேண்டிய வேலை. சென்னை மாகாணத்து மீன்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம் கரையோரப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து 1920இல் விரிவாக எழுதினார். அவருக்கு முன்னும் பின்னும் அந்தப் படகுகளைச் செய்தவர்கள் ஏட்டில் எதையும் வரையவில்லை. கண்ணளவாலும் கையளவாலும் இந்த அழுத்தங்களையெல்லாம் மரத்தில் சரிக்கட்டினார்கள். அதனைச் சாஸ்திரம் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை வாலைத் தீவுக்கு அருகே ஒரு தவறு செய்தேன். நிலக்காற்று நன்றாக இருக்கிறதே என்னும் ஆசையில், கதிரவன் எழுந்து அரை நாழிகைகூட ஆகாத வேளையில், அவனுக்கு நேர் எதிராகப் படகைச் செலுத்திக்கொண்டு, தீவை ஒட்டிய பார்க்கடலுக்குள் நுழைந்துவிட்டேன். சூரியன் உச்சியில் நிற்கும்போது, நீரின் மேல் விழும் ஒளியில் 100க்கு 2 பங்குதான் திரும்பி எழும். மீதியெல்லாம் உள்ளே இறங்கி அடித்தரையைக் காட்டும். அதே சூரியன் அடிவானத்துக்கு மேல் 5 பாகையில் இருக்கும்போது, விழுந்த ஒளியில் பாதிக்கு மேல் நீரின் மேற்பரப்பிலிருந்தே நம் கண்ணுக்குப் பாய்ந்துவிடுகிறது. எதிரே உருக்கிய பித்தளைத் தகடு போல் கடல் எரிந்துகொண்டிருக்க, அணியத்துக்கு அடியில் முழ ஆழத்தில் பவளக் கொம்புகள் நகருவதை, படகு அவற்றின் மேல் வந்த பிறகே கண்டேன். பாயைத் தளர்த்தி, துடுப்பால் ஊன்றிப் பின்வாங்கினேன். படகின் அடி ஓரிடத்தில் உரசிற்று. மரத்துக்குச் சேதம் சிறிது; நூறு ஆண்டு வளர்ந்த பவளத்துக்கு எவ்வளவோ என்னும் நினைப்பு அன்று முழுவதும் என்னை வருத்தியது.

அதன் பின், சூரியன் நன்றாக ஏறி முதுகுப்பக்கம் வரும் வரையில் வெளிக்கடலிலேயே காத்திருக்கப் பழகிக்கொண்டேன். அவ்வேளையில் கடல் வர்ணம் தீட்டிய படமாகிவிடுகிறது. ஒளியின் சிவந்த கூறுகளை நீர் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது; நீலமே வெகு ஆழம் செல்லும். எனவே கருநீலம் என்றால் ஆழம். பச்சை என்றால் மணல் தரைக்கு மேல் இரண்டு மூன்று ஆள் நீர். வெளிறிய பச்சை என்றால் இடுப்பளவு. பழுப்பு என்றால் பவளம், விலகிப் போ. மங்கிய கரும்பச்சை என்றால் கடற்புல், தாராளமாகப் போகலாம்.

பவளப் பார் என்பது கல்லன்று. கல்லைச் சுரந்து கட்டும் சிற்றுயிர்களின் ஊர். மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் உண்டு. அவற்றுள் உருண்டை வடிவில் வளருபவை, ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்னும் அளவிலேயே பெருக்கின்றன. இந்தத் தீவுகள் எவையும் எரிமலையிலிருந்து பிறந்தவையல்ல, பெருநிலத்திலிருந்து அறுந்து வந்தவையுமல்ல. பாரின் மேல் அலை உடைகிறது. உடையும் அலை பவளத்தையும் சங்கையும் சிப்பியையும் நொறுக்கி மணலாக்குகிறது. பாருக்குப் பின்னால் வலிமை இழந்த நீர், தான் சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிடுகிறது. அந்தச் சுமையே தீவு. கடல் ஒரு கையால் இடித்ததை மறு கையால் குவித்திருக்கிறது. குவித்ததையும் அது சும்மா விட்டுவைப்பதில்லை. கச்சான் மாதங்களில் தென்மேற்கு அலைகள் தீவின் மணலை வடகிழக்கு முனைக்கு ஒதுக்குகின்றன; வாடை மாதங்களில் அந்த மணல் திரும்பி எதிர் முனைக்குப் போகிறது. காற்றுக்கேற்ப இப்புறமும் அப்புறமும் பாய் மாற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிலைத்து நிற்கும் படகு என்று ஒரு தீவைச் சொன்னால், அது உவமையாக மட்டும் நின்றுவிடாது. நடப்பதைச் சொல்லுவதாகவும் ஆகும்.

அந்தப் படகுக்கு அடிக்கட்டை பார். பாரை வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பரீட்சை செய்து பார்த்துவிட்டோம். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல் இங்கே வெட்டி எடுக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பரில் சுனாமி வந்த பின்னர்தான் வெட்டும் கைகள் ஓய்ந்தன. ஆனால் அதற்குள், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 21 தீவுகள் கிடந்தன என்று எழுதியது இதனால்தான். வெட்டுதல் நின்ற பிறகு கடல்நீரின் வெப்பம் பகையாக வந்திருக்கிறது. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு ஆகாரம் சமைத்துத் தரும் நுண்பாசி, நீர் அளவுக்கு மிஞ்சிச் சுடும்போது வெளியேற்றப்பட்டுவிடுகிறது. பவளம் வெளுத்துப் பசியால் வாடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் இந்தக் கடல் அப்படி வெளுத்தது.

முள்ளித் தீவுக்கும் கரைக்கும் இடையே உள்ள தாழ்ந்த நீரில், காற்று அறவே நின்றுபோன ஒரு நடுப்பகலில், நங்கூரத்தை மணல் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடற்புல் மண்டிய தரை கீழே தெரிந்தது. கடற்புல்லைப் பாசி என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேரும் தண்டும் பூவும் உடைய, நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன தாவரம். நீருக்கடியிலேயே பூத்து, நீரோட்டத்தின் துணையால் மகரந்தம் சேர்ந்து காய்ப்பது. அந்தப் பசுமையின் நடுவே, ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில், புல்லை வேரோடு மழித்துக்கொண்டு வளைந்து வளைந்து சென்ற வெறுந்தரைக் கோடுகள் நாலைந்து தென்பட்டன. கிராமத்து மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ந்த தடத்தைக் கண்டு வளர்ந்தவனுக்கு இது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆவுளியா மேய்ந்திருந்தது.

புத்தகங்கள் இதனைக் கடற்பசு என்கின்றன. உறவுமுறையில் இது பசுவுக்கு அந்நியம். நிலத்து விலங்குகளில் இதற்கு நெருங்கிய பங்காளி யானை. யானையைப் போலவே இதற்கும் மடி பின்னங்கால்களிடையே இல்லாமல் மார்பின் பக்கம், முன் துடுப்பின் மடிப்பில் இருக்கிறது. ஆண் ஆவுளியாவுக்குத் தந்தமும் உண்டு. 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உள்ள இச்சாதுவான ஜந்து, நாள் ஒன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல்லை மேய்கிறது. 70 ஆண்டுகள் வரை வாழ வல்லது; ஆனால் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. இத்தகைய ஜீவராசியில், வலையில் சிக்கி ஆண்டுக்கு ஒன்றிரண்டு மடிவதே குலத்தைக் குறைத்துவிடப் போதும்.

அன்று நான் அதனைக் கண்டேன் என்று சொல்லுவதைவிடக் கேட்டேன் என்று சொல்லுவதே பொருந்தும். எங்கோ பின்புறத்தில், களைத்த மனிதன் விடும் நெடுமூச்சைப் போன்ற ஓசை எழுந்தது. திரும்பினேன், சுமார் 40 அடிக்கு அப்பால், நீர்ப்பரப்பில் இரண்டு நாசித் துவாரங்களும் சாம்பல் நிற முகத்தின் சிறு மேடும் ஒரு விநாடி தெரிந்து, உடனே மூடிக்கொண்டன. நான்கைந்து நிமிடங்கள் கழித்து, இன்னும் சிறிது கிழக்கே, அதே மூச்சு. மூன்றாவது முறை அது கேட்கவில்லை. சுவாசத்துக்காக மேலே வந்தே தீரவேண்டும் என்பது இதன் விதி. இயந்திரப் படகின் இரைச்சலில் அந்த ஒரு விநாடிச் சுவாசம் எவர் காதிலும் விழாமல் போய்விடுகிறது.

இதன் வடதிசை உறவு ஒன்று இருந்தது. 1741இல் பேரிங் கடலில் கப்பல் சேதமுற்றுக் கரை ஒதுங்கிய ஜார்ஜ் ஸ்டெல்லர் என்னும் இயற்கைவாதி, இதனினும் மிகப் பெரிய கடற்பசு ஒன்றைக் கண்டு வருணித்தார். 1768க்குள், அதாவது 27 ஆண்டுகளில், வேட்டைக்காரர்கள் அவ்வினத்தைப் பூண்டோடு அழித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் 2022இல், பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுரக் கிலோமீட்டர் கடற்பரப்பு, ஆவுளியாவுக்கென்றே இந்தியாவின் முதல் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. காலத்தில் செய்யப்பட்ட காரியம் என்று நான் மனமார மகிழ்ந்தேன்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் செல்லுகிறது. வெகு தூரம் வரை வலிமை குன்றாமலும் செல்லுகிறது. கலங்கிய நீரில் கண் உதவாதபோது, ஓங்கில்கள் தங்கள் குரலின் எதிரொலியைக் கொண்டே மீனையும் தடையையும் துணையையும் அறிந்துகொள்கின்றன. முசல் தீவுக்குத் தெற்கே அவை ஆறேழு, என் படகின் ஓரத்துக்கு வந்து, சிறிது தூரம் கூடவே நீந்தி, எந்த ஆரவாரமும் இல்லாமல் விலகிப் போயின. பாய்ப்படகு எழுப்பும் ஓசை, அணியத்தில் நீர் பிளக்கும் சலசலப்பு மட்டுமே. அவற்றின் சம்பாஷணையை நான் குலைக்கவில்லை என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மூன்றாம் நாள் மாலையில் மனோலித் தீவின் எதிரே நின்றேன். ஓதம் வடிந்து மணல் நாக்கு ஒன்று தென்மேற்கே நீண்டு கிடந்தது. இந்தப் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 1 மீட்டருக்கும் குறைவுதான், ஆயினும் தட்டையான கரையில் அந்தச் சிறு இறக்கமே பறவைகளுக்குப் பெரிய விருந்து மண்டபத்தைத் திறந்துவிடுகிறது. கறுப்பும் வெளுப்புமான நண்டுண்ணிகள் தடித்த அலகோடு ஓடி ஓடி நண்டு பிடித்தன. இவை மணலில் வளை தோண்டி முட்டையிட்டு, சுடுமணலின் வெப்பத்தாலேயே அதனை அடைகாக்கும் விசித்திரப் பறவைகள். அவற்றைச் சுற்றி உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவ்வுள்ளான்களில் சில வகைகள் கோடையில் சைபீரியாவின் வடகோடிப் பனிவெளியில் குஞ்சு பொரிப்பவை. பங்குனியில் அவை வயிறு முட்டத் தின்று, உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, முதுகுப்பக்கம் வீசும் நல்ல தென்காற்றுக்காகக் காத்திருக்கின்றன. எதிர்காற்றில் பறந்தால் கொழுப்பு வழியிலேயே தீர்ந்துபோகும். காற்றைக் கணித்துப் புறப்படும் கலை அவற்றுக்கும் பிழைப்பு. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மணல் நாக்கின் வடிவத்தையும் அது நோக்கிய திசையையும் பென்சிலால் வரைந்துகொண்டு, மறுநாள் தென்காற்றில் கரைக்குத் திரும்பினேன்.

கச்சான் தணிந்த புரட்டாசி இறுதியில் மீண்டும் அங்கே போனேன். படத்தை விரித்து வைத்துக்கொண்டு தென்மேற்கு முனையில் தேடியபோது, அங்கே பச்சை நீர்தான் அலைந்தது. மணல் முழுவதும் கிழக்கே ஒதுங்கி, தீவின் மறுகோடியில் புதிய நாக்காக நீண்டு கிடந்தது. வடக்கேயிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய உள்ளான்கள், மெலிந்த உடம்போடு, அதன் ஈர விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தன.